ஆடுகளத்தில் ஓர் உயிர் பிரிந்தால்

திருகோணமலைத் துறைமுகத்தைக் கண்டவர் அதன் அமைதியை மறப்பதில்லை. வெளியே கடல் எவ்வளவு சீறினாலும், குன்றுகள் சூழ்ந்த உட்குடாவில் நீர் அடங்கிக் கிடக்கும். கப்பல்கள் அங்கே அஞ்சாமல் நங்கூரம் இடும். விளையாட்டு மைதானமும் ஒரு வகையில் இத்தகைய துறைமுகமே ஆகும். அங்கே போட்டி உண்டு, பகை இல்லை. வேகம் உண்டு, வன்மம் இல்லை. வெளியுலகின் சீற்றத்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிறுத்திவிட்டு மக்கள் அங்கே புகுகின்றனர்.

திருகோணமலை நகரை அடுத்த அன்புவழிபுரத்திலும் மாலைக் காட்சி இதுதான். பாடசாலை விட்டு வந்த சிறுவர் புத்தகப் பையை வீட்டில் எறிந்துவிட்டுப் பந்தைத் தேடி ஓடுகின்றனர். உதைபந்தாட்டத்துக்கு ஆள் சேர்ந்தால் அது. மட்டையும் பந்தும் கிடைத்தால் கிரிக்கெட். வேலை முடிந்து திரும்பும் இளைஞர் அவர்களுக்குப் பின்னே வருகின்றனர். பொழுது சாய்ந்ததும் யாவரும் வீடு திரும்புவர் என்பதை எந்தத் தாயும் தனியே எண்ணிப் பார்ப்பதில்லை. அது எண்ணாமலே நம்பப்படும் உண்மை. அந்த நம்பிக்கையின் மேல்தான் விளையாட்டு நடைபெறுகிறது.

அரிதாக, மிக அரிதாக, அந்த நம்பிக்கை உடைந்துபோகிறது. ஒருவர் வீடு திரும்புவதில்லை. ஒரு பந்து, ஒரு மோதல், ஒரு வீழ்ச்சி, அல்லது எவரும் அறியாதிருந்த ஓர் இதயக் கோளாறு காரணமாகிவிடுகிறது. அந்த வேளையில் விளையாட்டுக் கழகம் ஊருக்குமுன் வாய் திறக்கவேண்டி வருகிறது. என்ன சொல்வது, யார் சொல்வது, எப்பொழுது சொல்வது, எதைச் சொல்லாது விடுவது? வெற்றியை எவ்வாறு கொண்டாடுவது என்பது எல்லாக் கழகங்களுக்கும் தெரியும். மரணத்தின் முன் எவ்வாறு நிற்பது என்பதை எந்தக் கழகமும் ஒத்திகை பார்த்து வைப்பதில்லை. ஆகவேதான் அதனைத் துக்கமில்லாத நாளொன்றில் எண்ணிப் பார்ப்பது நன்று.

உலகம் முழுவதும் உற்றுக் கவனித்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்கலாம். 2014ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25ஆம் நாள், அவுஸ்திரேலியாவின் சிட்னி மைதானத்தில் தென் அவுஸ்திரேலிய அணிக்கும் நியூ சவுத் வேல்ஸ் அணிக்கும் இடையே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தென் அவுஸ்திரேலியாவுக்காக ஆடிய பிலிப் ஹியூஸ் 63 ஓட்டங்களுடன் நின்றார். நியூ சவுத் வேல்ஸ் அணியின் ஷோன் அபொட் என்ற இளம் பந்துவீச்சாளர் எகிறி எழும் பந்தொன்றை வீசினார். அது ஆட்ட விதிகளுக்கு உட்பட்ட பந்து. அதனை அடிக்க முயன்றபோது பந்து மட்டையில் படாமல், தலைக்கவசம் மறைக்காத கழுத்துப் பகுதியில், இடது காதுக்குக் கீழே தாக்கியது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியொன்று கிழிந்தது. இரண்டு நாள்கள் நினைவு திரும்பாமல் கிடந்து, நவம்பர் 27ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். இன்னும் மூன்று நாள்கள் இருந்திருந்தால் அவருக்கு 26 வயது நிறைந்திருக்கும்.

விளையாட்டுலகம் அப்பொழுது நடந்துகொண்ட விதம் நினைவில் வைக்கத் தக்கது. அந்த ஆட்டம் அத்துடன் கைவிடப்பட்டது. பாகிஸ்தானும் நியூசீலந்தும் சார்ஜாவில் ஆடிக்கொண்டிருந்தன. செய்தி எட்டியதும் அன்றைய ஆட்டம் நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கியபோது நியூசீலந்து வீரர் விக்கெட்டுகளை வீழ்த்தியும் ஆரவாரம் செய்யவில்லை. இந்திய அணிக்கு எதிராகப் பிரிஸ்பேனில் தொடங்கவிருந்த டெஸ்ட் ஆட்டம் பிற்போடப்பட்டது. வீட்டு வாசலில் ஒரு மட்டையைச் சாத்திவைத்து அஞ்சலி செலுத்தும் வழக்கம் சிட்னியில் ஒருவர் தொடங்கி, கண்டங்களைக் கடந்து பரவியது. பெரிய மைதானங்களின் வாயிலிலும் சிற்றூர்க் குடில்களின் திண்ணையிலும் ஒரே நாளில் மட்டைகள் சாய்ந்து நின்றன. சொற்பொழிவு எதுவும் இல்லை. அவருடைய கணக்கில் காயமுற்று விலகியவர் என்றிருந்ததை மாற்றி, 63 ஓட்டங்கள், ஆட்டமிழக்கவில்லை என்று எழுதினர். இறுதிக் கிரியை, அவர் பிறந்து வளர்ந்த மக்ஸ்வில் என்னும் சிற்றூரில், அங்குள்ள பாடசாலை மண்டபத்தில் நடைபெற்றது.

இவையாவும் அழகிய செயல்கள். ஆயினும் அழகு மட்டும் போதுமா என்பது கேள்வி. ஒரு மரணத்துக்குப் பின் கழகமொன்று செய்யும் அறிவிப்பும் சடங்கும் சரியானவையா என்று அறிய ஓர் உரைகல் வேண்டும். அந்த உரைகல் மூன்று பேர். ஒருவர், இறந்தவரின் வீட்டார். இரண்டாமவர், அறியாமல் அந்த மரணத்துக்குக் கருவியாகிவிட்டவர். மூன்றாமவர், நாளைக்கு அதே மைதானத்துக்கு ஆட வரப்போகும் பிள்ளை. கழகம் பேசும் ஒவ்வொரு சொல்லும் இம்மூவருக்கும் முன்னே நின்று சொல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும். இவர்களுள் ஒருவரை மறந்தாலும் அந்தத் துக்கம் குறைபட்டதே.

முதலில் இறந்தவரின் வீட்டாரை எண்ணுவோம். பழைய நாளில் சாவுச் செய்தியைச் சொல்ல ஓர் ஆள் அனுப்பப்படுவான். அவன் முற்றத்தில் நின்று, வீட்டில் பெரியவரைத் தனியே அழைத்து, சொல்ல வேண்டியதைப் பக்குவமாகச் சொல்வான். கேட்டவர் உட்காரத் திண்ணையும், பற்றிக்கொள்ள ஒரு கையும் இருந்தன. இன்றோ மைதானத்தில் வீழ்ந்தவர் வைத்தியசாலையை அடையும் முன்பே அவருடைய படம் கைத்தொலைபேசிகளில் பறந்துவிடுகிறது. பெற்ற தாய் தன் மகன் வீழ்ந்ததை அயலாள் காட்டும் திரையில் காண நேர்வது எத்துணைக் கொடுமை! 2022ஆம் ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டின் பண்ணுருட்டிப் பகுதியில் கபடி ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் களத்திலேயே மயங்கி வீழ்ந்து இறந்தார். அவர் வீழ்ந்த காட்சி நாடெங்கும் பரவி, எண்ணற்றோர் பார்க்கும் பொருளாயிற்று. பார்த்தவர் யாவரும் இரங்கினர் என்பது உண்மை. ஆனால் அந்த இரக்கம் அவருடைய வீட்டாருக்கு என்ன ஆறுதலைத் தந்திருக்கும்?

இதற்கு மாறான காட்சி ஒன்றும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், கோப்பன்ஹேகன் நகரில் டென்மார்க்கும் பின்லாந்தும் உதைபந்தாடியபோது, டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனின் இதயம் திடீரென நின்றுவிட்டது. தலைவர் சைமன் கியாயரும் மற்ற வீரரும் அவரைச் சுற்றி வட்டமாக நின்றனர். முகத்தை வெளிப்புறம் திருப்பி, முதுகை உட்புறமாக்கி, தங்கள் உடல்களையே திரையாக்கினர். மருத்துவர்கள் உள்ளே உயிரை மீட்கப் போராடினர். வெளியிலிருந்த எந்த ஒளிப்படக் கருவியும் அதனை எளிதில் காண முடியவில்லை. களத்துக்கு ஓடிவந்த அவருடைய துணைவியாரைத் தலைவர் அணைத்துத் தேற்றினார். எரிக்சன் உயிர் பிழைத்தார். பிழைத்திராவிடினும் அந்த வட்டத்தின் பெருமை குறைந்திராது. விபத்தின் முன் ஒரு கழகம் செய்யவேண்டிய முதற்பணி எதுவென்பதை அவர்கள் வாயால் கூறாமலே காட்டினர்: வீழ்ந்தவரைச் சுற்றி மறைப்பாக நிற்பது.

அன்புவழிபுரம் போன்ற ஊரின் கழகத்துக்கு இதன் பொருள் யாது? விபத்து நேர்ந்த உடனே ஒலிபெருக்கி நிறுத்தப்படல் வேண்டும். படம் பிடிப்பவரைக் கை கூப்பித் தடுக்க ஒருவர் வேண்டும். வீட்டுக்குச் செய்தி கொண்டுசெல்ல, அவ்வீட்டாரை நன்கறிந்த மூத்தவர் ஒருவரும் பெண்மணி ஒருவரும் நேரிற் போதல் வேண்டும். அவர்கள் போய்ச் சேரும்வரை கழகத்தின் பெயரால் எங்கும் எதுவும் எழுதப்படலாகாது. அதன் பின்னரும் கழகத்துக்காகப் பேசுபவர் ஒருவராகவே இருத்தல் நன்று. பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னால், பதினோராவது கதை ஒன்று ஊரிலே தானாக முளைத்துவிடும்.

பின்பு கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளின் காலம் வருகிறது. சந்திதோறும் அவை கட்டப்படுகின்றன. ஆனால் சில பதாகைகளில் இறந்தவரின் பெயரிலும் பெரிதாகக் கழகத்தின் பெயரும், அஞ்சலி செலுத்துவோரின் முகங்களும் பொலிவதைக் காணலாம். துக்கம் எப்பொழுது விளம்பரமாக மாறுகிறது என்பதை அந்த எழுத்தின் அளவே காட்டிவிடும். பூதவுடலை மைதானத்துக்குக் கொண்டுவருவதா, கொடி போர்த்துவதா, ஊர்வலம் செல்வதா என்பவற்றைக் கழகம் முடிவு செய்யலாகாது. அவை வீட்டாரின் உரிமை. கழகம் கேட்கலாம், வற்புறுத்தலாகாது. நிதி திரட்டினால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதி வீட்டாரிடமும் ஊரிடமும் ஒப்படைத்தல் வேண்டும். மேலும், கூட்டம் மிகுந்த முதல் மூன்று நாளிலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பின்வரும் வெறுமையான மாதங்களே அவ்வீட்டாருக்குக் கொடியவை. அப்பொழுது படியேறிச் சென்று நலம் விசாரிப்பதே கழகத்தின் மெய்யான அஞ்சலியாகும்.

இரண்டாமவரைப் பற்றி இனிப் பேசவேண்டும். அவரைப் பற்றி ஊர் பேசும்; ஆனால் அவரிடம் ஊர் பேசுவதில்லை. பந்தை வீசிய கை அவருடையது. மோதிய தோள் அவருடையது. விதிப்படி ஆடினார், தீங்கு எண்ணவில்லை. ஆயினும் அன்றிரவு அவர் உறங்குவதில்லை. கண்ணை மூடினால் அந்தக் கணம் திரும்பத் திரும்ப வருகிறது. இறந்தவரின் வீட்டுக்குப் போவதா, போனால் ஏற்பரா, போகாவிட்டால் என்ன சொல்வர் என்று அறியாமல் தத்தளிக்கிறார்.

இத்தகைய ஒருவரை உலகம் எவ்வாறு நடத்தும் என்பதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1920ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள் நியூயோர்க் நகரில் நடந்த பேஸ்போல் ஆட்டத்தில், கார்ல் மேஸ் வீசிய பந்து ரே சாப்மன் என்பவரின் தலையில் பட்டது. மறுநாள் அதிகாலை சாப்மன் இறந்தார். அதிகாரிகள் விசாரித்து மேஸைக் குற்றமற்றவர் என விடுத்தனர். ஆனால் பிற அணிகளின் வீரர் சிலர், அவர் பந்து வீசினால் ஆடமாட்டோம் என்று பேசினர். மேஸ் தம் வாழ்நாளில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்று கொடுத்தவர். எனினும் இன்றும் அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது அந்த ஒரு பந்துதான். அந்த நாளில் ஓர் உயிர் மடிந்தது. மற்றோர் உயிர் மடியாமலே புதைக்கப்பட்டது எனலாம்.

அபொட்டுக்கு நேர்ந்தது வேறு. வீழ்ந்த ஹியூஸை முதலில் ஓடிச் சென்று தாங்கியவர்களுள் அந்தப் பந்தை வீசியவரும் ஒருவர். இறந்தவரின் தங்கை வைத்தியசாலையில் அவரோடு அமர்ந்து தேற்றினார். அணித் தலைவர்களும் சக வீரரும், எதிரணியினருங்கூட, அவர் மீது குற்றமில்லை என்று அன்றே வெளிப்படையாகக் கூறினர். நாடு முழுவதும் அதனை ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 9ஆம் நாள் அதே சிட்னி மைதானத்தில் அபொட் மீண்டும் பந்து வீசினார். அந்த ஆட்டத்தின் இரண்டாம் இனிங்ஸில் 14 ஓட்டங்களைக் கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவர் உள்ளத்துப் புண் அத்துடன் ஆறிவிட்டது என்று யாரும் கூறவில்லை. ஆனால் அந்தப் புண்ணின் மேல் ஊரார் உப்பைத் தூவவில்லை.

பந்து வீச்சாளர் மட்டுமன்றித் துடுப்பாட்ட வீரருக்கும் இந்நிலை நேர்ந்ததுண்டு. 1998ஆம் ஆண்டு பெப்ரவரியில், டாக்காவில், இந்திய வீரர் ராமன் லாம்பா துடுப்பாட்ட வீரருக்கு மிக அருகே தலைக்கவசமின்றி நின்று களத்தடுப்புச் செய்தார். அந்த ஓவரில் இன்னும் சில பந்துகளே எஞ்சியிருந்தன. அதற்காகக் கவசத்தை வரவழைப்பானேன் என்று எண்ணிவிட்டார். மெஹ்ராப் ஹொசைன் அடித்த பந்து அவர் நெற்றியில் பட்டது. தாமே எழுந்து நடந்து சென்றவர், மூன்றாம் நாள் இறந்தார். மெஹ்ராப் அப்பொழுது இளைஞர். அவர் ஆட்டத்தை விட்டு ஒதுங்கவில்லை. மறு ஆண்டு, பங்களாதேசத்துக்காக ஒருநாள் சர்வதேசப் போட்டியில் நூறு ஓட்டங்கள் பெற்ற முதல் வீரர் என்ற பெயரைப் பெற்றார்.

பெரிய நகரத்தில் ஒருவர் கூட்டத்தில் மறைந்து வாழலாம். சிற்றூரில் அது இயலாது. இறந்தவரின் வீடும், காரணமானவர் எனப்படுபவரின் வீடும் ஒரே தெருவில் இருக்கக்கூடும். ஒரே கடையில் இருவீட்டாரும் பாண் வாங்குவர். ஒரே கோயிலில் கும்பிடுவர். 'இவன் பந்து பட்டுத்தானே அவன் செத்தான்' என்ற ஒரு வாக்கியம் முப்பது ஆண்டுகள் நிலைத்து நின்று, அவனுடைய பிள்ளைகளின் காதிலும் விழும். ஆகவே, விதிமீறல் எதுவும் நேரவில்லையென மத்தியஸ்தரும் கண்டவரும் உறுதியாக உரைக்குமிடத்து, கழகத்தின் முதல் அறிவிப்பிலேயே அது சொல்லப்படல் வேண்டும். அன்றிரவே இருவர் அவருடைய வீட்டுக்குச் சென்று அவரோடு தங்கவேண்டும். இரு வீட்டாரும் இசைந்தால், அவரைத் துக்க வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பையும் கழகமே ஏற்றல் நன்று. அவர் தனியே அந்தப் படலையைத் திறக்க நேரலாகாது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். காரணமானவரைக் காப்பது என்றால், நடந்ததை மூடி மறைப்பதா? அன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். கருணை ஆளுக்கு உரியது. உண்மை நிகழ்ச்சிக்கு உரியது. 'எல்லாம் விதி' என்பது துக்க வீட்டில் ஆறுதலாகச் சொல்லப்படும் சொல். அதனை விசாரணையின் முடிவாக எழுதிவிடுதல் தகாது.

ஹியூஸின் மரணம் பற்றி நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மரண விசாரணை அதிகாரி விசாரணை நடத்தி, 2016ஆம் ஆண்டு நவம்பரில் தம் முடிவை வெளியிட்டார். மரணத்துக்கு எவரும் குற்றவாளியல்லர் என்றார். ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. அடிபட்டபின் அம்புலன்ஸ் வண்டியை அழைக்க ஆறு நிமிடங்களுக்கு மேல் சென்றதை எடுத்துக் காட்டினார். விரைந்து வந்திருந்தாலும் அவர் உயிரைக் காத்திருக்க முடியாது என்று கூறியும், இந்தத் தாமதம் வேறொருவரின் உயிரைக் குடிக்கலாம் என எச்சரித்தார். கழுத்துக் காப்பைப் பற்றியும், ஆபத்தான பந்துவீச்சு விதிகளைப் பற்றியும் ஆராயுமாறு பணித்தார். ஆட்டக்காரர் ஒருவரையொருவர் வசை கூறும் பழக்கத்தையும் அவர் வருத்தத்துடன் குறிப்பிட்டார். அன்று களத்தில் என்னென்ன சொற்கள் வழங்கின என்பது பற்றி இறந்தவரின் வீட்டார்க்குக் கேள்விகள் இருந்தன; விசாரணையில் கிடைத்த விடைகள் அவர்களுக்கு மனநிறைவு தரவில்லை. உலகம் முழுவதும் மட்டைகளைச் சாத்தி வைத்தும், பெற்றோரின் ஒரு கேள்விக்கு நிறைவான விடை கிட்டவில்லை என்பது எல்லா விளையாட்டுக் கழகங்களும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

இலங்கையிலும் திடீர் மரணங்கள் பற்றி விசாரிக்கச் சட்டம் உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைக் கோவைச் சட்டம் அதற்கு வகை செய்கிறது. திடீர் மரண விசாரணை அதிகாரியின் முன் கழகத்தார் தாமாகவே சென்று கண்டதைக் கண்டவாறு கூறுதல் வேண்டும். கம்பம் ஆடிக்கொண்டிருந்ததா, முதலுதவிப் பெட்டி பூட்டிக் கிடந்ததா, மத்தியஸ்தர் எச்சரித்தும் ஆட்டம் தொடர்ந்ததா என்பவற்றை மறைத்தால், இறந்தவருக்கும் அது துரோகம். அறியாமல் காரணமானவருக்கும் அது துரோகம். ஏனெனில் மறைக்கப்பட்ட உண்மையின் இடத்தை வதந்தி நிரப்பும். அந்த வதந்தி முதலில் பற்றுவது அவரைத்தான்.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம், கிழக்கு மாகாணத்தின் திருக்கோவிலில், மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய பதினாறு வயது மாணவர் ஒருவர் சுகவீனமுற்று இறந்தார். துயரம் தாங்காத மக்கள் வைத்தியசாலையின் முன் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பிள்ளையைப் பறிகொடுத்த ஊர் கேள்வி கேட்பதில் தவறில்லை. கேளாதிருப்பதே தவறு. ஆனால் கேள்வி கேட்பதற்கும், விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வழங்குவதற்கும் இடையே ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டைக் காக்க வேண்டியவர், ஊராரின் மதிப்பைப் பெற்ற ஆசிரியரும் கழகத் தலைவரும் அல்லரோ? 'முழு உண்மை வெளிவர வேண்டும். அதற்கு எங்கள் குறிப்பேடுகளும் சாட்சியும் திறந்துள்ளன' என்று அவர்கள் உரத்துச் சொன்னால், ஊரின் சினம் நியாயமான வழியில் செல்லும்.

மூன்றாமவர் அடுத்த ஆண்டு ஆட வரப்போகும் பிள்ளை. அப்பிள்ளை இரங்கற்பாவைப் படிக்கப்போவதில்லை. அதற்கு வேண்டியது பாதுகாப்பான மைதானம்.

ஹியூஸின் மரணத்துக்குப் பின் கழுத்தை மறைக்கும் காப்புகள் தலைக்கவசத்துடன் இணைக்கப்பட்டன. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சியுற்றவருக்குப் பதிலாக மற்றொருவர் ஆடலாம் என்ற விதியைச் சர்வதேசக் கிரிக்கெட் சபை 2019ஆம் ஆண்டு கொண்டுவந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் கன்பராவில் இலங்கையின் திமுத் கருணாரத்ன எகிறு பந்தொன்றால் தாக்கப்பட்டு வீழ்ந்தபோது, மருத்துவக் குழுவினர் உடனே ஓடிவந்து, கழுத்து அசையாதவாறு அவரைத் தாங்கி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். அவர் தேறி, அதே ஆட்டத்தில் மீண்டும் துடுப்பெடுத்தாடினார். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல், வேகப் பந்தை எதிர்கொள்வோர் கழுத்துக் காப்பு அணிதலை அவுஸ்திரேலியா கட்டாயமாக்கியது. அதற்கு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சென்றன என்பதையும் நோக்குக. துக்கம் ஒரு கிழமையில் உச்சமடைகிறது. திருத்தமோ மெல்ல மெல்லவே வருகிறது. இடையிலே அதனை மறவாமல் காப்பதுதான் கடினம்.

சிறு கழகங்களால் பெருஞ்செலவு செய்ய இயலாது என்பது உண்மை. எனினும் பல காப்புகள் பணத்தால் வருவனவல்ல; பழக்கத்தால் வருவன. 2015ஆம் ஆண்டு ஜூலையில், இங்கிலாந்தின் சரே பகுதியில், பிரித்தானியத் தமிழர் கிரிக்கெட் போட்டியொன்றில் ஆடிய இருபத்துநான்கு வயது இளைஞர் மார்பில் பந்து பட்டு இறந்தார். இலங்கையிலிருந்து சென்ற தமிழர் அவர். மார்பில் படும் அடி, இதயத் துடிப்பின் குறிப்பிட்டதொரு கணத்தில் பட்டுவிட்டால், எலும்பு முறியாமலே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்று மருத்துவர் கூறுவர். அவ்வேளையில் மார்பின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்தமாக அமுக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியையும் இயன்றவரை விரைவில் கொண்டுவருதல் வேண்டும். எவரும் எதுவும் செய்யாது நின்றால், கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைத்துவிடும். கூடி நின்று கதறுவோர் நூறு பேரிலும், மார்பை அமுக்கத் தெரிந்த ஒருவரே அங்கு வேண்டப்படுபவர். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் சேவை கிடைக்கும். அந்த இலக்கம் மைதானத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டுள்ளதா? மைதானத்துக்கு வழி சொல்லத் தெரிந்தவர் தெருமுனையில் நிறுத்தப்படுவாரா?

இன்னும் சில உள்ளன. நிலத்தில் ஊன்றாத கோல் கம்பம் சிறுவர் தொங்கியதும் சாய்ந்து உயிரைப் பறிக்கும். அதனை ஆழ ஊன்றவோ கட்டவோ அதிகம் செலவாகாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை வேளைகளில் இடி முழங்கும். முழக்கம் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி முழக்கத்துக்குப் பின் அரை மணி நேரம் பொறுத்தல் வேண்டும். திருகோணமலையின் கோடை வெயில் கொடியது. நீண்ட ஓட்டங்களை விடியற்காலையில் வைத்து, வழிநெடுகத் தண்ணீரும் முதலுதவியாளரும் இருக்கச் செய்தல் வேண்டும். ஆடிக் களைத்த இளைஞர் அப்படியே கடலில் குளிக்க இறங்குவதையும் மூத்தவர் கண்டிக்க வேண்டும்.

இறுதியாக, நினைவு. இறந்தவரின் பெயரால் சுற்றுப்போட்டி நடத்தி வெற்றிக் கிண்ணம் வழங்குவது ஊர்தோறும் உள்ள வழக்கம். அது நல்லதே. ஆனால் அவர் எதனால் இறந்தாரோ அதே குறையுடன் அதே மைதானத்தில் அவர் நினைவுக் கிண்ணத்துக்காக ஆடுவது, அவரை நினைப்பதாகுமா, மறப்பதாகுமா?

1962ஆம் ஆண்டு மார்ச் மாதம் பார்படோஸ் தீவில் இந்திய அணித் தலைவர் நரி கான்ட்ராக்டர் சார்லி கிரிபித்தின் பந்து தலையில் பட்டு உயிருக்குப் போராடினார். அப்பொழுது குருதி கொடுக்க முன்வந்தவர்களுள் எதிரணித் தலைவரான பிராங்க் வொரெலும் ஒருவர். கான்ட்ராக்டர் பிழைத்துக்கொண்டார். வங்காளக் கிரிக்கெட் சங்கம் 1981ஆம் ஆண்டு முதல் வொரெலின் பெயரால் இரத்ததான நாள் நடத்தி வருகிறது. எதிராளியின் உடம்பில் ஓடிய தன் குருதியைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் ஒரு விளையாட்டு வீரனுக்கு உண்டோ? இரத்ததான முகாம், ஆண்டுதோறும் நடக்கும் முதலுதவிப் பயிற்சி, வறிய பிள்ளைகள் அணிய நாலு தலைக்கவசங்கள் ஆகிய இவற்றிலொன்று இறந்தவரின் பெயரைத் தாங்கினால், அப்பெயர் கல்லில் வெட்டியதிலும் நெடுங்காலம் நிற்கும்.

ஆகவே, துயரம் நேர்ந்த நாளில் கழகம் சொல்லவேண்டியது மிகுதியன்று. எங்கள் தோழரை இழந்தோம். அவர் வீட்டாரின் விருப்பப்படி நடப்போம். அறியாமல் இதில் அகப்பட்டவர் எங்கள் தோழரே; அவரைக் கைவிடோம். நடந்ததை உள்ளவாறு விசாரணையில் உரைப்போம். திருத்த வேண்டியதைத் திருத்திய பின்னரே மீண்டும் ஆடுவோம். இந்த ஐந்து வாக்கியங்கள் போதும். எஞ்சியவற்றைச் செயல் சொல்லும்.

அன்புவழிபுரம் என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தவர், அன்பை ஓர் உணர்ச்சியாக மட்டும் எண்ணவில்லை போலும். அதை ஒரு வழியாக எண்ணினர். வழி என்றால் நடந்து காட்ட வேண்டியது. துக்க வீட்டின் படலை வரையும், கலங்கி நிற்கும் இளைஞனின் திண்ணை வரையும், விசாரணை மன்றத்தின் வாசல் வரையும், மீண்டும் மைதானம் வரையும் அந்த வழி செல்கிறது. அதிலே தளராது நடக்கும் ஊரில், மாலையில் ஆடச் சென்ற பிள்ளை இருட்டும் முன் வீடு திரும்பும் என்று தாய்மார் மறுபடியும் எண்ணாமலே நம்பலாம்.